இடது இறக்கை மட்டும்

பிப்ரவரி 9

தங்கச்சிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் நீ என்னைப் பார்த்துக் கத்தியது நியாயம்தான். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். மூன்று வாரமாகப் போன் செய்கிறேன், நீ எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். முட்டைத் தட்டுகளில் தேதி போடுவதைத் தவிர எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்ததை வரிசையாக எழுதினால் எங்கே பிசகினேன் என்று தெரியுமோ என்னவோ. அக்டோபரில் நீதான் சொன்னாய், கொல்லையில் நத்தை தாங்கவில்லை, செடியெல்லாம் சல்லடை ஆகிவிட்டது என்று. வாத்து விட்டால் நத்தை ஒழியும் என்று நான்தான் யோசனை சொன்னேன். எங்கள் பொரிப்பகத்தில் நாலு ரகம் இருக்கிறது. கறிக்கு வளர்க்கும் வெள்ளை ரகத்துக்கு உடம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பெரும்பாடு, பறப்பதாவது. நிமிர்ந்து நடக்கிற ஒல்லி ரகம் ஓடுமே தவிர எழும்பாது. இந்த இரண்டில் ஒன்றைத் தந்திருக்கலாம். ஆனால் இரண்டும் நாள் முழுக்கக் கத்தித் தீர்க்கும், உன் பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்க மாட்டாள். சின்ன ரகம் புறா மாதிரி பறந்து போய்விடும், அதை நினைக்கவே இல்லை. மிச்சம், முகத்தில் சிவப்பு மரு உள்ள ரகம். அது கத்தாது, சீறுவதோடு சரி. அதில் இரண்டு பெட்டைகளைக் கொண்டுவந்தேன். அந்த ரகத்தில் பெட்டை ஆணில் பாதி எடைதான். விட்டால் மரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அதற்காகத்தான் இறகை வெட்டினேன். உன் கொல்லைப் படியில் உட்கார்ந்து, உன் வீட்டுக்காரன் பிடித்துக்கொள்ள, இரண்டுக்கும் இடது இறக்கையில் நீள இறகுகளை மட்டும். "வலிக்காதாடா?" என்று கேட்டான். "நகம் வெட்டுறப்போ உனக்கு வலிக்குதா?" என்றேன். ஒரு பக்கம்தான் வெட்ட வேண்டும். அப்போதுதான் எழும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்து விழும். இரண்டு பக்கமும் வெட்டினால் எடை சமமாகிவிடும், கொஞ்சம் வேகமாக அடித்துக்கொண்டு சுவர் உயரம் ஏறிவிடும். பதினேழு வருஷமாக இப்படித்தான் வெட்டுகிறேன். "செவுத்தைத் தாண்டாது, நான் பொறுப்பு" என்று சொன்னேன். சொன்னது நினைவிருக்கிறது.

ஜனவரியில் அந்த இரண்டில் ஒன்று கொல்லை ஷெட்டுக் கூரையில் ஏறி நின்றிருக்கிறது. அதை இறக்க அவன் ஏறியிருக்கிறான். இருபத்தாறு வருஷம் பத்து மாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடித்தவன், ஒரு தடவைகூடக் கால் வழுக்காதவன், ஆளுயரக் கூரை சிமெண்ட் ஷீட் உடைந்து விழுந்தான்.

என்னைத் திட்டு. ஆனால் அவனை ஒருமுறை பார்க்க விடு. ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவே இல்லை, நான் வந்ததுகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பத்து நிமிடம் போதும்.

அண்ணன்

பிப்ரவரி 21

அண்ணா,

வராதே.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாலு ரகம், எடை, இறகு எல்லாம் புரிந்தது. வாத்தைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. அதனால் எனக்கு என்ன ஆகப்போகிறது?

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிறது. ஆறடி இரண்டங்குல ஆளை நான் ஒருத்தி புரட்டுகிறேன். தையல் மெஷினை முன் அறையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். கடையில் ஒரு பெண்ணை வைத்துவிட்டு நான் அளவெடுக்கும் நேரத்துக்கு மட்டும் போய் வருகிறேன்.

போன் செய்யாதே. மணி அடித்தால் அவர் காதில் விழுகிறது. வீட்டு விலாசத்துக்கும் எழுதாதே. ஏதாவது சொல்லித்தான் தீர வேண்டுமென்றால் கடைக்கு எழுது.

அவர் உன்னைப் பார்க்க விரும்பவில்லை. உன் பேச்சை எடுத்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

மார்ச் 3

தங்கச்சிக்கு,

சரி, வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பிப் போனேன். உன் அண்ணி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. ஒன்பது வயதிலிருந்து பழக்கம். அவனுக்கு என்மேல் கோபம் வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். உன்னைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டபோது ஒரு மாதம் இழுத்தடித்தேன், அப்போது வந்தது. ஆனால் கோபம் வந்தால் நேரே வந்து சட்டையைப் பிடிப்பான். திரும்பிக்கொள்வது அவன் பழக்கமில்லை. அப்படியென்றால் எவ்வளவு மனம் விட்டுப்போயிருக்க வேண்டும்.

பஸ் பார்சலில் ஒரு காற்றுப் படுக்கை அனுப்பியிருக்கிறேன், கடை விலாசத்துக்கு. மோட்டார் வைத்தது. மாறி மாறிக் காற்று ஏறி இறங்கும், புண் வராது என்கிறார்கள். நான் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம், வேண்டாமென்றுவிடப் போகிறான்.

ஒரே ஒரு உதவி செய். அந்த வாத்து இன்னும் இருக்கிறதா? இருந்தால் பிடித்து, இடது இறக்கையை விசிறி மாதிரி விரித்துப் பார். வெட்டின இறகு வளர்ந்திருக்கிறதா, எத்தனை, எவ்வளவு நீளம்? இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று நீ கேட்பாய். தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

படுக்கை வந்தது. போட்டிருக்கிறேன். மோட்டார் உறுமுகிறது, அவருக்குப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வாத்து இருக்கிறது. பார்த்தேன். இடது இறக்கையில் எல்லா இறகும் முழுசாக வளர்ந்திருக்கிறது.

போதுமா?

முதுகில் ஒரு புண் ஆறவில்லை. உள்ளங்கை அகலம் இருக்கிறது. ரவிக்கைக்கு முதுகு வெட்டுகிற கை, அந்தப் புண்ணைத் துடைக்கும்போது என்னை அறியாமல் அளவெடுக்கிறது. போன வாரம் இருந்ததைவிட அரை அங்குலம் கூடுதல். இதையெல்லாம் உன்னிடம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாரும் இல்லை என்பதால் இருக்கும்.

ஏப்ரல் 6

தங்கச்சிக்கு,

உன் கடிதத்துக்குப் பிறகு ஒரு வேலை செய்தேன். இந்த ஆறேழு மாதத்தில் யார் யாருக்கெல்லாம் இறகு வெட்டி வாத்து கொடுத்தேனோ அத்தனை பேர் வீட்டுக்கும் போனேன். பதினொரு வீடு. எல்லா வீட்டிலும் வெட்டினது வெட்டின இடத்தில் அப்படியே இருக்கிறது. உன் வீட்டில் மட்டும் மூன்று மாதத்தில் எப்படி வளர்ந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன். பழைய இறகு உதிரப் போகும் நேரத்தில் வெட்டியிருப்பேன், உடனே புதுசு முளைத்திருக்கும். வேறு வழியில்லை. உதிர்கிற நேரமா என்று இறகின் அடியைப் பார்த்தாலே தெரியும். பார்க்கவில்லை. அன்று அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டே வெட்டினேன். வேலையில் கண் இல்லை.

மேற்பார்வையாளரிடம் இனி இறகு வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். மற்றவர்களுக்கும் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? இப்போது முட்டை கழுவும் இடத்தில் இருக்கிறேன். கத்தியைத் தொடவே மனசு வரவில்லை. முட்டையில் பிசகினால் ஏழெட்டு உடையும், அவ்வளவுதான்.

இதோடு இன்னொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அது அவனுக்கு. பெரிதாக ஒன்றும் இல்லை, என் தப்பு என்று எழுதியிருக்கிறேன். படித்துக் காட்டு. கிழித்துப் போடச் சொன்னால் போட்டுவிடு. திட்டினால் அந்தத் திட்டை அப்படியே எழுதி அனுப்பு, அவன் வாயால் வந்ததாக ஏதாவது ஒன்று எனக்கு வேண்டும்.

உள்ளே வர வேண்டாம் என்றால் வாசலில் நிற்கிறேன். அவனுக்கு என்னைத் தெரிய வேண்டாம். கதவு இடுக்கில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 22

அண்ணா,

படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை.

நாலு நாளாகக் காய்ச்சல். புண் வழியாக விஷம் ரத்தத்தில் கலந்திருக்கிறது என்கிறார் டாக்டர். இன்றைக்கு மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். ஆம்புலன்ஸ் வரக் காத்திருக்கும்போது இதை எழுதுகிறேன்.

நீ வேண்டுமானால்

இல்லை, வேண்டாம். கொஞ்சம் தெளியட்டும். அப்புறம் எழுதுகிறேன்.

மே 9

தங்கச்சிக்கு,

பெயிண்ட் கடைக்காரர் போன் செய்தார். எல்லாம் முடிந்து ஆறு நாள் ஆகிவிட்டது என்றார். "உனக்குத் தெரியாதா? நீ வரலையேன்னு நாங்கல்லாம் பேசிக்கிட்டோம்" என்றார். பெயிண்டர்கள் எல்லாரும் அன்று வேலைக்குப் போகவில்லையாம். அவனைத் தூக்க ஆள் போதும் போதும் என்று இருந்ததாம்.

அந்தக் கூட்டத்தில் என் தோள் இல்லை.

நீ சொல்லி அனுப்பவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். அவனைக் கொன்றவனை அவன் சாவுக்குக் கூப்பிட யாருக்குத்தான் மனசு வரும்? உன் அண்ணி உன்மேல் கோபமாக இருக்கிறாள். "பொணத்தோட மொகத்தைக்கூடக் காட்டாம இருக்க இவ யாரு?" என்று கேட்டாள். அவளை அதட்டி உட்கார வைத்தேன். எனக்கு உரிமை இல்லைதான். எனக்கே தெரிகிறது.

நீ தனியாக இருக்கிறாய். சாப்பிடுகிறாயா? என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் அண்ணியை அனுப்புகிறேன். அவள் கோபம் வீட்டு வாசலோடு சரி, உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவாள்.

அண்ணன்

மே 28

அண்ணா,

மூன்று வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் கிழிக்கக் கூடாது என்று பெட்டிக்கடைக்குப் போய் ஸ்டாம்பை முதலில் ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சரியாகத்தான் வெட்டினாய். உன் தப்பு எதுவும் இல்லை.

நீ கொடுத்துவிட்டுப் போன பிறகு, இரண்டில் ஒன்று தினம் சாயங்காலம் சுவர்ப் பக்கம் ஓடிவந்து எழும்பும். எழும்பியதும் ஒரு பக்கம் சாய்ந்து தொப்பென்று விழும். எழுந்து மறுபடி ஓடிவரும். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமாகத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. பத்தொன்பது வருஷமாக இரண்டு பக்கமும் ஒரே அளவு வராவிட்டால் பிரித்துத் தைக்கிறவள் நான். "ஒரு பக்கம் போதும்" என்று நீ சொன்னது காதில் விழுந்தது. ஏன் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்குச் சோம்பல், பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். நவம்பரில் ஒரு நாள் அவர் வேலைக்குப் போயிருந்தபோது அதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, டேப் வைத்து அளந்து, துணி வெட்டும் கத்திரியால் வலது பக்கத்தையும் அதே அளவுக்கு வெட்டினேன். அதற்குப் பிறகு அது சாயவில்லை. எழும்பி நேராக இறங்கியது. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைத் திட்டியபோது எனக்கு இது தெரியாது. உன் தப்பு என்று நிஜமாகவே நம்பித்தான் திட்டினேன். வீட்டுக்கு வந்த உன் முதல் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போய், நின்றுகொண்டே படித்தேன். இரண்டு பக்கமும் வெட்டினால் ஏறிவிடும் என்று நீ எழுதிய இடத்தோடு நின்றுவிட்டேன். அளவெடுக்க வந்த பெண் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, வராதே என்று எழுதினேன். நீ வந்தால் முதல் வேலையாக வாத்தைப் பிடித்து இறக்கையை விரிப்பாய். பார்த்த மாத்திரத்தில் உனக்குத் தெரிந்துவிடும், அவர் முன்னால் சொல்லிவிடுவாய். அதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் அவர் விடவில்லை. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார். தன்னைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிடும் கைதான் அந்த வலது இறக்கையை வெட்டியது என்று அவருக்குத் தெரியக் கூடாது என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, அண்ணா. அவரால் தானாகத் திரும்பவே முடியாது. அதைக்கூட நீ யோசிக்கவில்லை. அவர் உன்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். இடது இறகு வளர்ந்துவிட்டது என்று நான் எழுதியதும் பொய். உன் தாளை நான் படித்துக் காட்டவில்லை. மெஷின் டிராயரில் இருக்கிறது.

மன்னிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை.

ஜூன் 5

உன் கடிதம் கிடைத்தது.

உன் அண்ணியிடம் காட்டவில்லை. காட்டினால் அவள் ஊரைக் கூட்டிவிடுவாள்.

நீ வெட்டியது தப்பில்லை. தெரியாமல் செய்தாய், நானும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காக ஒரு நாளும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இரண்டரை மணி நேரப் பஸ். அவன் இரண்டு மாதம் அந்தக் கட்டிலில் உயிரோடு கிடந்தான். அது தெரிந்தே செய்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அவன் என்னைப் பற்றிக் கேட்டது அத்தனையும், என்றைக்கு, என்ன வார்த்தையில் கேட்டான், நீ என்ன பதில் சொன்னாய் என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. என் மனசு தாங்காது என்று எதையும் குறைக்காதே. அதற்குப் பிறகு நீ எனக்கு எழுத வேண்டாம்.

ஜூன் 13

அண்ணா,

எழுதுகிறேன். எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். தேதி சில இடத்தில் முன்னே பின்னே இருக்கும்.

வீட்டுக்கு வந்த அன்றே கேட்டார். "எங்க அவன்? ஆஸ்பத்திரிக்கு வந்தானா?" வந்தாய் என்றேன். "நான் தூங்கிட்டிருந்தேனா? எழுப்பியிருக்கலாம்ல" என்றார்.

பிப்ரவரி முடிவதற்குள் நாலைந்து முறை. "லீவு கிடைக்கலையாமா?" என்பார். ஆமாம் என்பேன். "பொரிப்பகத்துல இப்ப சீசன்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். போன் போடு என்பார், போன் கெட்டுவிட்டது என்பேன்.

காற்றுப் படுக்கை போட்ட அன்று மோட்டாரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்காரன் இவ்வளவு நல்லதா குடுப்பான்? இது அவன் வேலை" என்றார். இல்லை என்றேன். சிரித்தார்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் சவரம் செய்துவிட்டேன், கன்னத்தில் கீறிவிட்டது. "அவனை வரச் சொல்லு, நீ மூஞ்சியையே எடுத்துடுவ போலிருக்கு" என்றார்.

ஏப்ரலில், நீ தாள் அனுப்பிய வாரம், வாத்து ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அவன் எறகு வெட்டினது சரியில்லைன்னு வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் வராம இருக்கான். கிறுக்கன். நான் ஒண்ணும் நினைக்கலைன்னு எழுது. வந்தா வாத்துப் பேச்சையே எடுக்க மாட்டேன்னு எழுது" என்றார். எழுதுகிறேன் என்றேன். எழுதத் தாள் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல, எழுதுவது போல ஒரு ரவிக்கையின் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள், "தபால்ல போட்டியா?" என்றார். போட்டுவிட்டேன் என்றேன்.

பதில் வந்ததா என்று நாலு நாள் கேட்டார். ஐந்தாம் நாள் கேட்கவில்லை.